ஒரு கீறல் விழும் வரை

மோட்டார் காரின் வர்ணத்துக்கு வெயிலால் வருகிற சேதம் கால் பங்கு, மழையால் வருகிற சேதம் கால் பங்கு. மீதி அரைப் பங்கும் சொந்தக்காரர் அதன்மேல் வைத்திருக்கிற பிரியத்தால் வருவது. பிறத்தியார் சாமானைத் துடைத்து வைக்கிற வேலையில் இருக்கும் சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், அது வெள்ளிக் கூஜாவோ வெண்கலக் குத்துவிளக்கோ எதுவானாலும் சரி, நான் சொல்வதை உடனே ஒப்புக்கொள்வீர்கள்.

நான் ஆசைப்பட்டு வந்த தொழில் இல்லை இது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில், என் வீட்டுக்காரர் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். மலையிலிருந்து சேறும் சகதியுமாக இறங்குகிற கார்களைக் கழுவி, மெழுகு போட்டுத் தேய்த்து, அங்கங்கே பெயர்ந்த வர்ணத்துக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். நான் பின்கட்டு இரண்டு அறைகளில் குடித்தனம் நடத்திக்கொண்டு, சீமைப் பாலிஷ் டப்பாவின்மேல் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்வேன். கான்வென்டில் படித்ததால் குடும்பத்துக்குக் கிடைத்த உபயோகம் அவ்வளவுதான். பிறகு சண்டை வந்தது. பட்டாளத்துக்கு மோட்டார் வேலை தெரிந்த ஆட்கள் வேண்டுமென்றார்கள். அவர் போய்விட்டார். கொட்டகையும், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும், மாரப்பனும் என்னிடம் மிஞ்சினார்கள். மாரப்பன் ராசிபுரத்துக்காரர். வெகுநாள் ஜட்கா ஓட்டிவிட்டுக் கார் கழுவ வந்தவர். இன்றைக்கும் எந்தக் காரின் பின்னாலும் நேராக நிற்க மாட்டார். உதைக்கும் என்று சந்தேகம்.

கொட்டகை நிற்கிற மண் மிட்டாதாருடையது. இந்த அடிவாரத்தில் பாதி நிலம் அவருடையதுதான். வாடகைக்குப் பதிலாக அவருடைய பெரிய கறுப்புக் காரை நாங்கள் பளபளவென்று வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் வீட்டுக்காரர் ரயிலேறுவதற்கு முதல்நாள் மிட்டாதார் எங்கள் இருவர் எதிரிலும் வாக்குக் கொடுத்தார். "என்ற வண்டி மேல ஒரு கீறல் விழற வரைக்கும் கொட்டாயி உங்களுது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கே தூக்கம் போயிற்று. கீறல் விழுந்தால் கொட்டகை போகும், பின்கட்டு போகும், பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிற மனுஷருக்கு வந்து இறங்க ஒரு வாசல் இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் மிட்டாதார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை இரண்டு சுற்றுச் சுற்றி வருவார். அந்த இரண்டு சுற்று முடிகிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை. குழந்தை தூங்கினபின் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தலைக்குச் சூடு

வாழப்பாடிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், மனைவி மக்களோடு ஏற்காடு போகப் புறப்பட்டவர், நடுமத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். கார் நீல வர்ணம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பானெட்டின் மேலே பழுப்பு நிறத்தில் கம்பளி போர்த்தின மாதிரி ஏதோ கனமாகப் படிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கம்பளி இல்லை, புழுதி. நடுவிலே சோளத்தூசி, கோழியிறகு, செத்துப்போன ஒரு தட்டான்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. போன தடவை மலை ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி அடித்ததாம். வண்டிக்கு உடம்புச் சூடு ஏறிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் வீட்டில் சூட்டுக்கு ஒரே வைத்தியம் விளக்கெண்ணெய். ஒரு மண்டலம், காலையில் ஒரு வேளை, உச்சந்தலையில் உள்ளங்கை நிறைய வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார். உச்சந்தலை எது என்று வீட்டில் கொஞ்சம் அபிப்பிராய பேதம் இருந்து, கடைசியில் பானெட் என்று முடிவாயிற்றாம்.

மூன்று தடவை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். எண்ணெய் போட்டால் புழுதி ஒட்டும், புழுதியோடு தேய்த்தால் வர்ணம் அறுபடும், ஆவி அடிக்கிறது உள்ளே தண்ணீர் குறைந்ததால், ஆகவே தலையிலே இனிமேல் எண்ணெய் கூடாது என்று பயந்து பயந்து எடுத்துச் சொன்னேன். பெரிய மனுஷர்; கோபப்படவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு டயர்களைப் பார்த்துக் கேட்டார்: "தலைக்கு ஆகாதுன்னா, உள்ளங்காலுக்கு மட்டும் தடவலாமாம்மா?"

கோபுரக் கரை

அம்மாபேட்டையில் வரிசையாகத் தறி போட்டு நெய்கிற ஒரு முதலாளி சந்தன நிறத்தில் கார் வாங்கினார். தூசி படிந்த வண்டியைத் துண்டால் தட்டுகிற பழக்கம் அவருக்கு. அப்படித் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் நூறு பொடிக் கீறல் விழும், நிறுத்தி வைக்கிற நேரத்தில் துணி போட்டு மூடி வையுங்கள் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். கித்தான் வாங்கி மூடுவார் என்று நினைத்தேன். தறிக்காரனே கடையில் போய்த் துணி வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று அவர் தாமே நெய்தார். வெள்ளை உடல், இரண்டு கைப்பிடி அகலத்தில் சிவப்புக் கோபுரக் கரை. இடுப்பைச் சுற்றிக் கரை தெரிகிற மாதிரி போர்த்தி, பின்னால் கொசுவம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது வண்டி.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பொழுது விடியுமுன் கார் எங்கள் கொட்டகைக்கு வந்தது, சுற்றிலும் சாக்குக் கட்டிக்கொண்டு. சாக்கை அவிழ்த்தால், முன்கதவில் ஆரம்பித்துப் பின்பக்கம் வளைந்து மறுகதவு வரைக்கும் சிவப்புக் கோபுரங்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல், அச்சடித்த மாதிரி நிற்கின்றன. டர்பன்டைன் போட்டுத் தேய்த்ததில் சிவப்பு போய் ரோஜா நிறம் நின்றது, அதற்குமேல் நகரவில்லை. மூடச் சொன்னவள் நான், இந்த மனுஷர் என்னைச் சும்மா விடமாட்டார் என்று நான் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் கிட்டே வந்து, தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காருக்கு வேற பெயிண்டு அடிச்சுக்கலாம் தாயி. என் கரையிலே சாயம் போகுதுன்னு மட்டும் வெளியிலே மூச்சு விட்டுடாதீங்க."

வரிசை

சண்டை முற்றினதும் சீமைப் பாலிஷ் டப்பா வருவது நின்றுபோயிற்று. எனக்குக் கான்வென்ட் ஞாபகம் வந்தது. அங்கே ஜெபக்கூடத்துத் தரையை மெழுகு போட்டுத் தேய்ப்பது தண்டனை. தேன்மெழுகை உருக்கி, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு டர்பன்டைன் கலந்து, முழங்காலில் நின்று தேய்க்க வேண்டும். விளையாடும்போது தமிழில் பேசின குற்றத்துக்காக நான் அந்தத் தரையை எத்தனையோ தடவை தேய்த்திருக்கிறேன். தரைக்கு ஆனது கதவுக்கு ஆகாதா? மலையிலிருந்து விற்க வந்த ஆளிடம் தேனடை வாங்கி உருக்கி, பழந்துணியில் வடிகட்டி, கலந்து, சேலத்து வக்கீல் ஒருவருடைய காருக்குப் போட்டேன். மிட்டாதார் வண்டியில் முதலில் போட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு ஏது?

கான்வென்டுக்கு வருவது சுத்தம் செய்த மெழுகு என்பதும், என் மெழுகில் தேன் பாதி தங்கிவிட்டது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வக்கீல் கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால், மரத்திலிருந்து மட்கார்டுக்கு ஒரு பாதை, மட்கார்டிலிருந்து பானெட்டுக்கு ஒரு பாதை, பானெட்டிலிருந்து கூரைக்கு ஒரு பாதை. போகிற எறும்பு ஒரு வரிசை, வருகிற எறும்பு ஒரு வரிசை. அப்படியே ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். அடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஆறவிட்டால் தேன் கரைந்து போகும், மெழுகு மட்டும் ஏடாக மிதக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அழுகைதான். வக்கீல் அழவேண்டாம் என்று கைகாட்டினார். இரண்டு விரலால் சட்டைக் கழுத்திலிருந்து ஓர் எறும்பை எடுத்துக் கீழே விட்டார். "என் கட்சிக்காரன் ஒருத்தன்கூட இவ்வளவு ஒழுங்கா என் பின்னாலே வந்ததில்லையம்மா" என்றார்.

அளவு எடுக்கிறவர்

ஜங்ஷன் பக்கம் காபி கிளப் வைத்திருக்கிற ஒருவருக்கு எங்கள் இடத்தின்மேல் ஆசை. நியாயமான ஆசைதான். மலை ஏறுகிற கார் எல்லாம் தண்ணீர் பிடிக்க இங்கே நின்றே தீர வேண்டும். நிற்கிறவர்களுக்குக் காபி வேண்டும். மிட்டாதார் எனக்குக் கொடுத்த வாக்கு அவருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்து, அடுப்பு வருகிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். அது என் பெண்ணின் தூளி தொங்குகிற இடம். மிட்டாதார் கார் நின்றால் அதன் பக்கத்தில் குனிந்து, கதவு கதவாக, ஜோசியர் உள்ளங்கையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். கீறல் ஒன்றும் அகப்படாவிட்டால் முகம் வாடிவிடும். எனக்கே பரிதாபமாயிருக்கும்.

மரியாதை தெரிந்தவர். குழந்தைக்குப் பக்கோடா கொண்டுவந்து தருவார். ஒரு செவ்வாய்க்கிழமை, இருக்கிற தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு, உங்கள் அடுப்பு இங்கே வந்தால் புகை பட்டுக் கார்களின் வர்ணம் மங்கிப்போகுமே என்று கேட்டுவிட்டேன். அவர் என் பேச்சை அலட்சியம் செய்யவில்லை. கோட்டின்மேல் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தார். பிறகு எனக்குத் தைரியம் சொல்லுகிற குரலில் சொன்னார்: "அடுப்பு வர்றப்போ இங்கே காரே இருக்காதுங்களே அம்மா, நீங்க ஏன் வீணா விசாரப்படறீங்க?"

வெள்ளைக்கு வெள்ளை

இருட்டில் ஊரை மறைப்பதற்காக, கார் விளக்குகளுக்குப் பாதிக் கறுப்பு அடிக்க வேண்டும், மட்கார்டு ஓரங்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று சண்டைக்கால உத்தரவு வந்தது. எங்களுக்கு அதனால் வேலை கிடைத்தது; குறை சொல்லக் கூடாது. ஆனால் என் பெண்ணைப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் காரை ஏட்டையா ஒருவர் மலையடியில் நிறுத்தி எங்களிடம் அழைத்து வந்தார். மட்கார்டில் வெள்ளை அடிக்கவில்லை என்பது குற்றம். டாக்டரம்மாவின் கார் கூரை முதல் சக்கரம் வரைக்கும் வெள்ளை. அதை டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். வெள்ளையாக இருக்கிறது வேறு, வெள்ளை அடித்திருக்கிறது வேறு, உத்தரவில் அடிக்கச் சொல்லியிருக்கிறது என்றார் ஏட்டையா. மலைமேல் ஒரு பிரசவம் காத்திருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, அடித்துத் தொலையம்மா என்றார்.

வெள்ளைமேல் வெள்ளை அடித்தேன். ஏட்டையா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்தார். எங்கிருந்து எதுவரைக்கும் அளப்பது என்று அவருக்குப் புரியவில்லை. அடித்த எனக்கே புரியவில்லை. இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, புது வெள்ளை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு இழுக்கச் சொன்னார். அந்த அழகான கார் கோடு போட்ட அஞ்சலட்டை மாதிரி ஆகிவிட்டது. எதற்கு இந்தக் கோடு என்று டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கு ஏட்டையா பொறுமையாகப் பதில் சொன்னார்: "வெள்ளை எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சாத்தானேம்மா, வெள்ளை அடிச்சிருக்குன்னு நான் எழுத முடியும்?"

களம்

மிட்டாதார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு நாமக்கல் பக்கம். அவர்களும் நிலம் நீச்சு உள்ளவர்கள். மாப்பிள்ளையை அழைத்து வரப் போவது கறுப்புக் கார். வண்டியைப் பார்த்து அவர்கள் பேச்சு மூச்சில்லாமல் நிற்க வேண்டும் என்று மிட்டாதார் சொல்லியனுப்பினார். நானும் மாரப்பனும் நாலு நாள் பாடுபட்டோம். மூன்று தண்ணீரில் கொதிக்க வைத்துத் தேன் வாசனைகூட இல்லாமல் எடுத்த மெழுகு. பூசி, காயவிட்டு, மெல்லிய ஆட்டுத்தோலால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கதவு கண்ணாடியாகிவிட்டது. என் பெண் உள்ளே இன்னொரு பாப்பா நிற்பதைப் பார்த்து அதற்கு முறுக்கு ஊட்டப் போனாள். நல்லவேளை, பிடித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் டிரைவர் வந்து காரை மிட்டாதார் வீட்டுக்கு ஓட்டிப் போனார். கடைசித் துடைப்புக்காக நாங்களும் கூடப் போனோம். டிரைவர் தொழுவத்துப் பக்கம் புளியமர நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அதே நிழலில் மிட்டாதாருடைய சண்டைச் சேவலும் முளையில் கட்டிக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் தோற்காத சேவல். நான் கிணற்றடிக்குப் போய் வாளியோடு திரும்புகிறேன், சேவல் கயிற்றின் நீளத்துக்கு வந்து முன்கதவுக்கு எதிரே நிற்கிறது. கழுத்து இறகு குடை மாதிரி விரிந்திருக்கிறது. கதவுக்குள்ளே அதே உயரத்தில், அதே கோபத்தோடு இன்னொரு சேவல் விரித்துக்கொண்டு நிற்கிறது. இது எம்பிற்று. அதுவும் எம்பிற்று. காலில் இருக்கிற முள் தகரத்தில் கிழிக்கிற சத்தம் என் பல்லில் கேட்டது. எனக்குப் பயம் வந்தால் குரல் வராது. இன்னொரு தடவை எம்பிற்று. மூன்றாம் தடவையும் எம்பிற்று.

இத்தனைக்கும் மாரப்பன் எட்டு அடி தள்ளி, தோலைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டு நின்றார். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடின பிறகுதான் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முதலிலேயே ஏன் இழுக்கவில்லை என்று நான் அழுதுகொண்டே கேட்டதற்கு, விவரம் தெரியாத பெண்ணுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார்: "களத்துல ரெண்டு சேவலு எதிரும் புதிருமா நிக்கறப்ப நடுவால கையி வெக்கப்படாதுங்க அம்மிணி."

மேனி

மூன்று கீறல். கைப்பிடிக்குக் கீழே ஆரம்பித்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு, மெழுகைத் தாண்டி, வர்ணத்தைத் தாண்டி, அடியில் பூசின சாம்பல் நிறம் தெரிகிறது. கறுப்பு வர்ணம் குழைத்து, பூசி, காயவிட்டு, தேய்த்துச் சமன் செய்ய மூன்று நாள் ஆகும். எங்களுக்கு இருந்தது அரை நாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் தூளி தொங்குகிற இடமும் அதன் அடியில் சுண்ணாம்புக் கோடும் வந்து நின்றன.

குழந்தைத் துணி வைத்திருந்த பையில் கண்மைச் சிமிழ் இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. சுண்டுவிரலால் கண்மையைத் தொட்டு, கண்ணுக்கு மை இழுக்கிற மாதிரியே, ஓரம் பிசகாமல் மூன்று கீறலையும் நிரப்பினேன். மேலே லேசாக மெழுகு தடவி ஒற்றி எடுத்தேன். காணோம். கீறல் இருந்த இடம் எது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. பொய் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்த கான்வென்ட் சிஸ்டரம்மாள், பொய்யைக் கதவில் பூசாதே என்று சொல்ல மறந்துவிட்டாள் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் மிட்டாதார் வந்தார். கை பின்னால். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் அந்தக் கதவுக்கு எதிரே நின்றார். குனிந்தார். நான் குழந்தையைப் பிடித்திருந்த பிடியில் அது வீறிட்டது. மிட்டாதார் கதவில் தெரிந்த தம் மீசையை ஒரு பக்கம் முறுக்கிவிட்டு, மறுபக்கமும் முறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "கீறல் படாத மேனி, அம்மிணி. பாக்க ரெண்டு கண்ணு பத்தலெ" என்றார்.

யார் ஜெயித்தது

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்து இறங்கி உள்ளே போய்விட்டார். கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன், ஆள் வாட்டசாட்டமானவர், வெள்ளைச் சட்டைமேல் வெள்ளை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, வெயிலில் சுட்டுக் கிடந்த அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். வேறு கதவே அகப்படவில்லை அவருக்கு. அவர் விலகினபோது முதுகில் மூன்று கறுப்புக் கோடு. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மிட்டாதார் முதுகைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் ஒட்டினதை முகர்ந்தார். பிறகு பெண்கள் கூட்டத்தில் என் இடுப்பிலிருந்த குழந்தையின் கண்களைப் பார்த்தார். அதே மை.

என்னைக் கூப்பிட்டார். கால் தானாகப் போயிற்று. கான்வென்டில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவர்களைப் பார்த்து வளர்ந்ததால் வரிசைக்கிரமமாகச் சொல்ல வந்தது: கதவு கண்ணாடி மாதிரி ஆனது, சேவல் பார்த்தது, பாய்ந்தது, நான் மை பூசி மறைத்தது, தப்பு என்னுடையது. வாசலில் மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றினால் ஒரு நடையில் போய்விடுமா, இரண்டு நடை ஆகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மிட்டாதார் கேட்டார்.

"யாரு ஜெயிச்சது?"

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் அதையே கேட்டார். மாரப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மூணு பாய்ச்சலுங்க சாமி. மூணும் நெஞ்சுலதானுங்க. வண்டி திருப்பி ஒத்தை அடி குடுக்கலீங்க."

மிட்டாதார் முகத்தில் வெளிச்சம் ஏறிற்று. தம் சேவல் காரையே அடித்துவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் தாய்மாமனுக்கு அதற்குள் யாரோ முதுகு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒப்பவில்லை. எதிரி ஓடினால்தான் தோல்வி, இல்லாவிட்டால் தலையைக் கீழே போட வேண்டும். இது நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது, நாமக்கல் களத்தில் இதைத் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சேவலைத்தானே கயிற்றைப் பிடித்து விலக்கினார்கள், அப்படியானால் ஜெயித்தது கார் என்று அவர் பக்கத்தில் ஒருவர் சட்டம் பேசினார். முகூர்த்தம் நெருங்குகிறது என்று புரோகிதர் இரண்டு தடவை வந்து சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. எனக்கு மட்டும் கணக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. சேவல் ஜெயித்திருந்தால் கதவில் இருப்பது விருது. கார் ஜெயித்திருந்தால் அது கீறல்.

அந்தச் சமயத்தில் வாழையிலை ஏற்றிய கட்டைவண்டி ஒன்று வாசலில் வந்து வழி கேட்டது. டிரைவர் பந்தியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏறி உட்கார்ந்து, கிளப்பி, புளியமரம் வரைக்கும் காரைத் திருப்பாமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

மிட்டாதார் தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தார். தாய்மாமன், கார் போய் நிற்கிற வரைக்கும் கண் வாங்காமல் பார்த்தார். எத்தனை கோபம் இருந்தாலும் களத்து நியாயம் தெரிந்தவர். "முகத்தைத் திருப்பலீனாலும் பின்னால போனா ஓட்டந்தானுங்க மச்சான். சேவலு உங்களுது, செயமும் உங்களுது" என்று ஒப்புக்கொண்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. எல்லோரும் மணவறைக்கு ஓடினார்கள். மிட்டாதார் மட்டும் போகிற போக்கில் என்னிடம் நின்று, விரலில் இருந்த மையைத் தம் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு சொன்னார்: "கொட்டாயிக்குப் போயி நிம்மதியா இரு அம்மிணி. அந்த மூணையும் ஆரும் தொடப்படாது. சுத்தியும் மட்டும் பாலீசு போட்டு வையி."

ஆகவே சகோதரிகளே, கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து கிடந்த நான், இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பயப்படுவதெல்லாம், மெழுகு ஏற ஏற அந்த மூன்று கீறலும் மங்கிப் போய்விடக் கூடாதே என்றுதான்.